ஐந்து ஜோடி பூட்ஸ், ஒரு ஆலைத் தரை

தென்னாப்பிரிக்காவின் குவாஸூலு-நடால் வட கடற்கரையில் கரும்பு அரவை ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பரில் ஓயும். அதன் பிறகு மூன்று மாதம் ஆலை நிற்கும். ஃபிட்டர்களுக்கு அப்போதுதான் இடுப்பொடியும். உருளைகளைக் கழற்றுவது, பேரிங் மாற்றுவது, ஆவியாக்கிக் குழாய்களைச் சுத்தம் செய்வது எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். இங்கே சொல்லப்போகும் பூட்ஸ் கதையும் அப்படியொரு ஜனவரியில் தொடங்கியது. சம்பந்தப்பட்டவர் டோங்காட் பக்கம் குடியிருக்கும் ஃபிட்டர், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

ஆலை அப்போது ஆண்டுக்கு ஒரு ஜோடி சேஃப்டி பூட்ஸ் தந்துவந்தது. பழசு இன்னும் தாங்குகிறதே, புதுசை ஏன் கெடுப்பானேன் என்று பெட்டியைப் பிரிக்காமலே அலமாரி மேல் ஏற்றிவிடுவார். அப்படி மூன்று பெட்டி சேர்ந்துவிட்டது. பழைய ஜோடி முன்பக்கம் வாயைப் பிளந்த அன்று வீட்டம்மா சொன்னார்: “மேலே மூணு புதுசு தூங்குது, எடுத்துப் போட்டுட்டுப் போங்க.” முதலில் வந்ததை முதலில் தீர்ப்பதுதான் முறை என்று அவர் அடிப்பெட்டியை எடுத்தார். தோல் பளபளப்பாக இருந்தது. லேஸ் மடிப்புக் கலையவில்லை.

முதல் நாள் மத்தியானமே குதிகால் மெத்தென்று அமுங்கியது. புது பூட்ஸ் பழகிக்கொள்கிறது என்று நினைத்தார். இரண்டாம் நாள் இரும்பு ஏணியில் ஏறும்போது இடது அடி பாதியாகப் பிளந்து தொங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்ததால் விழவில்லை. அவர் நடந்து வந்த வழி முழுக்கக் கறுப்புத் துகள் கோடு போட்டதுபோல் கிடந்தது.

அறுத்துப் பார்த்ததில்

அந்த பூட்ஸை ஹேக்ஸாவால் நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் கதை தெளிவாகிறது. மேல்தோல் முன்பகுதியில் 2.0 மி.மீ. கனம், நார் நெருக்கமாக இருந்தது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. முனையில் உள்ள எஃகுக் கவசத்தில் துரு இல்லை. தரையைத் தொடும் கடினமான அடிப்பகுதியும் பல் தேயாமல் அப்படியே இருந்தது. கெட்டது ஒரே இடம்தான்: கடின அடிக்கும் தோலுக்கும் நடுவே மெத்தை மாதிரி வார்த்த மென்மையான அடுக்கு. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. தண்ணீர் போதாமல் பிசைந்த புட்டு மாவு கையில் எப்படி நிற்காதோ, அப்படி.

இப்போது கடைகளில் கிடைக்கும் சேஃப்டி பூட்ஸ்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். தோலைப் பாத வடிவக் கட்டையில் இழுத்து மாட்டி, அதன் அடியில் பாலியூரித்தேனை இரண்டு அடர்த்தியில் நேரடியாக ஊசிபோட்டு வார்க்கிறார்கள். எடை குறைவு, காலுக்கு இதம், விலையும் கட்டுப்படி. சிக்கல் வேதியியலில் இருக்கிறது. காலணிக்குப் பயன்படும் பாலியூரித்தேன் பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை. அதன் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் அறுக்கும். அறுந்த இடத்தில் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதை விரைவுபடுத்தும். இதற்குத் தண்ணீரில் ஊற வேண்டிய அவசியமில்லை, காற்றில் உள்ள ஈரமே போதும். வெப்பம் சேர்ந்தால் வேகம் கூடும். மென்மையான நடு அடுக்கு நுரை என்பதால் ஈரம் உள்ளே போக வழி அதிகம். அதனால் அதுதான் முதலில் விழும்.

டர்பன் முதல் ஸ்டேஞ்சர் வரையிலான கரையோரக் கோடை எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புழுக்கத்தில் அலமாரியின் உச்சி, கூரைக்கு ஒரு முழம் கீழே. பிளாஸ்டிக் பை சுற்றிய பெட்டி. பூட்ஸைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான இடத்தைத் திட்டம் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. இதே ஜோடி ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட மேட்டு நிலத்தில் இருந்திருந்தால் இன்னும் சில காலம் நின்றிருக்கும். பாலியூரித்தேன் அடிக்கு, போட்டாலும் போடாவிட்டாலும், வார்த்த நாளிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. நம் கரையில் மூன்றுக்குப் பக்கமாக வையுங்கள்.

அந்த ஜோடியின் தேதி 4 ஆண்டு 8 மாதம் பழசு. தேதியை எங்கே பார்ப்பது? சேஃப்டி பூட்ஸுக்கான உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 20345. அந்தத் தரக்குறி உள்ள பூட்ஸில் தயாரிப்பு ஆண்டோடு மாதமோ காலாண்டோ பதிந்திருக்க வேண்டும். நாக்கின் உள்பக்கச் சீட்டில் இருக்கும். பல அடிகளில் கடிகார முகம்போல ஒரு சிறு வட்டமும் வார்த்திருக்கும்: சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதம், நடுவில் ஆண்டு, மாதத்தைக் காட்ட ஓர் அம்புக்குறி. கடையில் “போன வாரம்தான் சரக்கு வந்தது” என்பார்கள். சரக்கு கடைக்கு வந்த தேதியால் நமக்குப் பயனில்லை, வார்த்த தேதிதான் வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள்.

இரண்டாவது பெட்டி 3 ஆண்டு 7 மாதம் பழசு. இதை அவர் காலில் போடுமுன்பே சோதித்தாயிற்று. கட்டைவிரல் நகத்தை நடு அடுக்கின் பக்கவாட்டில் பத்து விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். நல்ல அடி என்றால் பள்ளம் மெல்ல நிரம்பும். இதில் நகக்குறி அப்படியே நின்றது. லேசாக ஒட்டவும் செய்தது. பிறகு பூட்ஸை இரண்டு கையால் பிடித்து, விரல்கள் மடியும் இடத்தில் முப்பது முறை வளைத்ததில் நடு அடுக்கில் மயிரிழை விரிசல்கள் ஓடின. நல்ல அடி இந்தச் சோதனையைக் கண்டுகொள்ளவே செய்யாது. தரநிலையே பாலியூரித்தேன் அடியை ஈரத்தில் முதிரவைத்து, வெட்டுக் கீறி, 150,000 முறை வளைத்த பிறகும் கீறல் 6 மி.மீ.க்கு மேல் வளரக் கூடாது என்கிறது. முப்பதுக்கே விரிகிற அடியை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற முடியாது. பசை பிடிக்க உறுதியான பரப்பு வேண்டும். இங்கே பரப்பே உதிர்கிறது. இரண்டாவது ஜோடி ஒரு நாள்கூட உழைக்காமல் குப்பைக்குப் போனது.

தோல் தோற்ற ஜோடி

மூன்றாவது பெட்டி 9 மாதம்தான் பழசு. அடி கச்சிதமாக இருந்தது. இது ஐந்து மாதம் உழைத்து, தோலில் தோற்றது.

தோலைப் படிக்க வெட்டு விளிம்பைப் பார்க்க வேண்டும். பூட்ஸில் அது நாக்கின் ஓரத்திலோ லேஸ் துளை வரிசையின் உள்பக்கத்திலோ தெரியும். மாட்டுத்தோலின் மேல்பரப்பில் நார்கள் மிக நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போகத் தளரும். மேல்பரப்பைச் செதுக்காமல் விட்ட தோலை ஃபுல் கிரெய்ன் என்பார்கள். விளிம்பில் மேலே நெருக்கம், கீழே தளர்வு என்று சீராக மாறுவது தெரியும். வடு, கொசுக்கடித் தழும்புகளை மறைக்கத் தேய்த்துச் சாயம் பூசியது கரெக்டட் கிரெய்ன். வேலைக்கு அது மோசமில்லை. மேல்பகுதியை உரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கீழ்த்தோல்தான் ஸ்பிளிட். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தோல் வரிகளை அச்சு வைத்து விற்பார்கள். அதன் விளிம்பில் மேலே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு, அதற்குக் கீழே பஞ்சுமாதிரி நார் என்று இரண்டு அடுக்கு தனித்தனியாகத் தெரியும். ‘அசல் தோல்’ என்ற சீட்டு இதற்கும் உண்டு. பொய்யும் இல்லை, அதுவும் தோல்தானே.

விளிம்பு மடித்துத் தைத்து மறைந்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. முன்பகுதித் தோலைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி மேல்பரப்பு குழிந்து மடிய விடுங்கள். பொடிப்பொடியாகச் சுருக்கம் விழுந்து கையை எடுத்ததும் மறைந்தால் முதுகுப் பகுதித் தோல், நல்லது. ஆரஞ்சுத் தோல் உரிந்ததுபோல் பெரிய மடிப்பாகப் பொங்கி நின்றால் வயிற்றுப் பகுதித் தோல். விரல் மடியும் இடத்தில் அது சீக்கிரம் பிளக்கும். இரண்டு கால் பூட்ஸையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இடது முதுகிலிருந்தும் வலது வயிற்றிலிருந்தும் வெட்டிய ஜோடிகள் சந்தையில் உண்டு.

மூன்றாவது ஜோடி படலம் ஒட்டிய ஸ்பிளிட். விரல் மடிப்பில் படலம் முதலில் வெடித்தது. வெடிப்பு வழியே உள்ளே போனது வெறும் தண்ணீர் இல்லை. சர்க்கரை ஆலைத் தரையில் அப்படி எதுவும் கிடையாது. சிந்திய சாறு புளித்து அமிலமாகிறது. சாறு தெளிவிக்கும் பகுதியில் சுண்ணாம்புப் பால் தெறிக்கிறது. ஆவியாக்கிக் குழாய்களில் பாறைபோல் இறுகிய படிவைக் கரைக்கக் காஸ்டிக் சோடா ஓடுகிறது. தோலுக்குப் பிடித்த நிலை லேசான அமிலம், பிஎச் 4 வாக்கில். சுண்ணாம்புக் கரைசல் கடும் காரம், 12-ஐத் தாண்டும். பதனிடும் தொழுவத்தில் மயிரை நீக்கி நாரைத் தளர்த்த முதல் வேலையாகத் தோலைச் சுண்ணாம்பில் போடுவார்கள். பிறகு அந்தச் சுண்ணாம்பைப் பாடுபட்டு வெளியேற்றித்தான் பதனிடவே முடியும். ஆலையில் பூட்ஸ் மேல் தெறிக்கும் சுண்ணாம்பு அந்த வேலையைப் பின்னோக்கி நடத்துகிறது: நார் வீங்குகிறது, பதனிட ஏற்றிய பதச்சரக்கும் கொழுப்பும் கழன்று போகின்றன, காய்ந்ததும் தோல் அப்பளமாக நொறுங்குகிறது.

பதச்சரக்கு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைதான் தோல் பதனிட. பிறகு அந்த இடத்தைப் பிடித்தது இதே நடாலிலிருந்து கப்பலேறிப் போன வாட்டில் மரப்பட்டை. பட்டையில் பதனிட்ட தோல் இன்றும் பெல்ட்டுக்கும் நல்ல இன்சோலுக்கும் (பாதம் படும் உள் அடிக்கும்) உகந்தது. ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் பூட்ஸின் மேல்தோலுக்குக் குரோம் பதனிட்டதே மேல். ஈரத்தோல் சூட்டில் சுருங்கத் தொடங்கும் புள்ளி பட்டைத்தோலுக்கு 75-80 டிகிரி வாக்கில், குரோம் தோலுக்கு ஏறக்குறைய 100 டிகிரி. சாறு பிரிக்கும் டிஃப்யூசர் ஓடுவதே 80 டிகிரியை ஒட்டித்தான்.

காஸ்டிக் நாளுக்கு எந்தத் தோல் பூட்ஸும் சரிப்படாது, எவ்வளவு விலை கொடுத்தாலும். அன்றைக்கு எஃகு முனை வைத்த ரப்பர் அல்லது பிவிசி கம்பூட்ஸ், அதன் மேல் தொங்கும் கால்சட்டை. கால்சட்டையை உள்ளே செருகினால் தெறித்தது நேராகக் காலுக்கு இறங்கும். இந்த ஃபிட்டர் காஸ்டிக் வேலைக்கும் அதே தோல் பூட்ஸைத்தான் போட்டுப் போயிருந்தார். சீட்டில் எஸ்3 என்று இருந்ததால் தண்ணீர் புகாது என்று நம்பியிருக்கிறார். எஸ்3 என்பதன் பொருளைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முனைக்கவசம் 200 ஜூல் அடியையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கும், ஆணி ஏறாத நடுத்தகடு உண்டு, பல் வைத்த அடி உண்டு, மேல்தோல் ஒரு மணி நேரச் சோதனையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்காது. தோலைப் பற்றித்தான் பேச்சு. தையல், நாக்கு, லேஸ் துளை பற்றி இல்லை. முழுக் காலணியும் தண்ணீர் தடுக்க வேண்டுமென்றால் டபிள்யூஆர் என்ற தனிக்குறி வேண்டும். சூடான தகட்டில் நிற்பவர்களுக்கு எச்ஆர்ஓ குறி: 300 டிகிரியில் ஒரு நிமிடம் அடி தாங்கும் என்பது அதன் பொருள். அது நைட்ரைல் ரப்பருக்குக் கிடைக்கும், பாலியூரித்தேனுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

சொந்தக் காசில் வாங்கியது

நான்காவது ஜோடியை அவர் தன் காசில் வாங்கினார். அதற்கு அவசியமே இருந்திருக்கக் கூடாது. 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 23, சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. கெட்ட பூட்ஸைக் காட்டி மாற்று கேட்கலாம். கேட்கக் கூச்சப்பட்டார், அவ்வளவுதான்.

வாங்கியது நல்ல பொருள்: ஃபுல் கிரெய்ன், வெல்ட் வைத்துத் தைத்தது, நைட்ரைல் அடி. வெல்ட் என்பது மேல்தோலையும் இன்சோலையும் சுற்றித் தைக்கும் தோல் வார். அடி அந்த வாரோடு தனியாகத் தைக்கப்படும். அடி தேய்ந்தால் அந்த வெளித்தையலை மட்டும் பிரித்து, உள்ளே கார்க் நிரப்பி, புது அடி போடலாம். வாரைத் தொடாமல் கவனமாகச் செய்தால் இரண்டு மூன்று முறைகூட. வாங்கும்போது நடுவில் என்ன இருக்கிறது என்று மறக்காமல் கேட்க வேண்டும். ‘ரப்பர் அடி’ என்று எழுதியிருக்கும், ஆனால் ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே அதே பாலியூரித்தேன் மெத்தை ஒளிந்திருக்கும். அப்படியானால் அலமாரிக் கதை மறுபடி தொடங்கும். தையலிலும் பொருள் முக்கியம்: பாலியெஸ்டர் நூலைக் காரம் தின்னும், நைலானை அமிலம் தின்னும், பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். புளித்த சாறும் சுண்ணாம்பும் கலந்த ஆலையில் எந்த நூலுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. தினமும் கழுவுவதுதான் வழி.

நூற்று இருபது நாளில் இந்த ஜோடியிலும் விரிசல் விழுந்தது, விரல் மடிப்புக்குச் சற்று முன்னால். தோலில் குற்றமில்லை, அளவில் குற்றம். அகலப் பாதம் உள்ளவர். வழக்கமான 8-ஆம் எண் பக்கவாட்டில் இறுக்கியதால் கடைக்காரர் எட்டரை கொடுத்தார். அரை எண்ணுக்கு நீளம் 4 மி.மீ. சொச்சம் கூடும், அகலம் கொஞ்சம்தான். நீளம் கூடியதால் கால் மடியும் இடமும் பூட்ஸ் மடிய வேண்டிய இடமும் விலகிப்போயின. தோல் எஃகு முனையின் பின்விளிம்பில் மோதி மடிந்தது. ஃபிட்டர் நாளெல்லாம் முழங்காலிட்டு வேலை செய்பவர். ஒவ்வொரு முறை மண்டியிடும்போதும் அதே விளிம்பு, அதே வெட்டு. குதிகால் வேறு ஏறி இறங்கி, உள்துணி தேய்ந்தது.

எஃகு முனை போகப் போக விரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அகலம் வேண்டுமென்றால் அதே எண்ணில் அகலக் கட்டையில் செய்ததைக் கேட்க வேண்டும். கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், வேலைக்குப் போடும் காலுறையோடு, இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெருவிரலின் பந்துமூட்டு அடியின் மிக அகலமான இடத்தில் உட்கார வேண்டும். முன்னால் 10-12 மி.மீ. இடம், அதாவது ஒரு கட்டைவிரல் அகலம். பிறகு கடையிலேயே மண்டியிட்டுப் பாருங்கள். முனையின் பின்விளிம்பு விரலைக் கடித்தால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், கால் மரத்துப்போனவர்கள் தங்கள் பாதம் சொல்வதை நம்பக் கூடாது. பூட்ஸுக்குள் கையை விட்டு உள்மடிப்பு, ஆணிமுனை, தையல் முடிச்சு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் தினமும் இரவில் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது ஜோடி

இம்முறை ஸ்டோரில் பேசி, ஆலைக் கணக்கிலேயே வாங்கியது. எண் 8, அகலக் கட்டை, குரோம் பதனிட்ட ஃபுல் கிரெய்ன் 2.2 மி.மீ., வெல்ட், நைட்ரைல் அடி, எச்ஆர்ஓ குறி. முனைக்கு மேல் ரப்பர் காப்பு உள்ளதைத் தேர்ந்தோம். மண்டியிடுபவருக்கு அது இல்லாவிட்டால் தோல் தேய்ந்து எஃகு வெளியே தெரிந்துவிடும். நாக்கு இருபுறமும் மடிப்பாகச் சேர்த்துத் தைத்தது. முன்பகுதி ஒரே துண்டுத் தோல், மடிப்பில் குறுக்குத் தையல் கிடையாது. எடை அதிகம், முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தார்.

இதோடு ஒரு சாதாரண பாலியூரித்தேன் ஜோடியும் சுழற்சிக்கு. காய்ந்த பட்டறை வேலைக்கு அது, தரை வேலைக்கு வெல்ட் ஜோடி. வியர்வை ஊறிய பூட்ஸ் ஓரிரவில் முழுக்கக் காயாது, ஒரு நாள் இடைவெளி வேண்டும். இரண்டாவது ஜோடி இருக்க வேண்டிய இடம் கால்தான்.

ஷிஃப்ட் முடிந்ததும் குளிர்ந்த நீரில் மென்பிரஷ்ஷால் கழுவுதல். சுண்ணாம்பு பட்ட நாளில் ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து துடைத்து, மறுபடி நல்ல நீர். உள்ளே செய்தித்தாள் திணித்து, இரண்டு மணி நேரத்தில் ஈரத்தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றில் விடுதல். பாய்லர் வீட்டுக் குழாய் மேல் வைத்தால் காலையில் காய்ந்திருக்கும், மூன்று மாதத்தில் வெடித்திருக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தோல் மெழுகுக் களிம்பு, மெல்லிசாக. வீட்டில் தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதைத் தடவும் ஆசை எல்லோருக்கும் வரும். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், குளிர்காலக் காலையில் தோல்மேல் வெள்ளையாகப் பூக்கும். அதிகமாகத் தடவினால் தோல் தொளதொளவென்று ஆகித் தையல் துளைகள் இழுபடும்.

பதினான்கு மாதம் ஆகிறது. பல் தேய்ந்து 2.5 மி.மீ.க்குக் கீழே போனதால் பதினோராம் மாதம் அடி மாற்றியாயிற்று. அதைத் தெருமுனைக் கடையில் செய்யவில்லை. அப்படிச் செய்தால் ஐஎஸ்ஓ தரக்குறி செல்லாது. நிலைமின்சாரத்தை வெளியேற்றும் திறனும் புது அடியில் இருக்குமா என்று தெரியாது. தயாரிப்பாளரின் சொந்தப் பட்டறை மூலம்தான் செய்தோம். மடிப்பில் பொடிச் சுருக்கம் மட்டும், வெடிப்பு இல்லை. இடது வாரில் மூன்று தையல் காரம் பட்டு வெளுத்திருக்கிறது, அதைக் கவனித்து வருகிறோம்.

ஸ்டோரில் இரண்டு மாற்றம் வந்தது. ஆண்டுக்கு ஒரு ஜோடி என்ற வழக்கம் போய், பழசைக் கொடுத்தால் புதுசு என்றானது. பெட்டிமேல் வார்த்த மாதத்தை மார்க்கரால் பெரிதாக எழுதி அடுக்குகிறார்கள். அறுத்த முதல் ஜோடியின் பாதி அந்தக் கவுண்டர் மேலேயே கிடக்கிறது. வருகிறவர்கள் நகத்தால் குத்திக் குத்தி நடு அடுக்கு இப்போது ஏறக்குறைய இல்லை.